நீலச் சட்டைப் படம்

சேசு, மரி, சூசை துணை

கீரமங்கலம்,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

அன்புள்ள ஷர்லி அப்பாவுக்கு,

மரிய செல்வி எழுதுகிறேன். இங்கே ஷர்லியும் அத்தையும் நல்ல சுகம். நீங்களும் மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் எழுதியதற்குப் பிறகு உங்களுக்கு நான் பேனா பிடித்து எழுதுவது இப்போதுதான். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். சிரிக்காமல் படியுங்கள்.

லீவு முடிந்து உங்கள் ரூம் நிலவழகன் தம்பி வெள்ளிக்கிழமை புறப்படுகிறார். பருப்புப் பொடியும் நெல்லிக்காய் ஊறுகாயும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பொடி டப்பாவுக்கு வெளியே இரண்டு கவர் போட்டிருக்கிறேன், இந்தக் கடிதம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ரூமில் எல்லோரும் இருக்கும்போது பிரிக்க வேண்டாம்.

போன வாரத்து மழையில் பின்பக்கச் சுவர் கொஞ்சம் ஊறியிருக்கிறது, பயப்படுகிற அளவுக்கு இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டியாகிவிட்டது. ஷர்லிக்குக் காலாண்டில் கணக்கில் மட்டும் மார்க் குறைவு. அப்பாவிடம் சொல்லாதீங்கம்மா என்று கெஞ்சினாள், நான் சொல்லிவிட்டேன், நீங்கள் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் இன்னும் பூ மார்க்கெட் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

அந்த முழங்காலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நாலாவது. சுற்றி வளைத்தால் இதையும் கிழிப்பேன் என்பதால் நேராகவே எழுதிவிடுகிறேன். அறந்தாங்கி பிரஸ் செல்லமுத்து போஸ்டரில் உங்கள் படத்தை மாற்றி அடித்துவிட்டார் என்று நான் சொன்னது பொய். படம் மாறியது என் கையால். செல்லமுத்து நான் அனுப்பியதைத்தான் அடித்தார்.

போனில் சொல்லலாம் என்று நாலைந்து நாள் முயற்சி செய்தேன். நீங்கள் எடுத்தவுடன், என்ன செல்வி சாப்பிட்டியா என்று கேட்கிறீர்கள். சாப்பிட்டேன் என்பேன். சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் அனுப்பிய பழைய லேப்டாப்பில் இங்க்ஸ்கேப் போட்டு நான் படம் செய்யக் கற்றுக்கொண்டது உங்களுக்குத் தெரியும். காசு கொடுக்காமல் கிடைக்கிற சாஃப்ட்வேர், அதை வைத்துக்கொண்டு நம் வீட்டிலேயே காதணி விழா, புதுநன்மை, கடை திறப்பு என்று போஸ்டர் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். என் பெண்டாட்டி செய்தது என்று நீங்கள் ரூமில் எல்லோருக்கும் காட்டினீர்கள். ஆடி மாதத்தில் நான் கற்றுக்கொண்ட புது வேலைதான் அந்தக் கலர்ப் புள்ளி வேலை. ஹாஃப்டோன் என்பார்கள். போட்டோவின் மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் வரைய வேண்டும். அந்த ஒரு வட்டத்தை வரிசை வரிசையாகப் போட்டோ முழுக்க நகலெடுக்கச் சொன்னால், ஒவ்வொரு வட்டமும் தனக்கு அடியில் இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்ளும். அடியில் இருட்டாக இருந்தால் பெரிய புள்ளியாகும், வெளிச்சமாக இருந்தால் கடுகு மாதிரிச் சுருங்கும். நீலத்துக்கு ஒரு தடவை, ரோஸுக்கு ஒரு தடவை, மஞ்சளுக்கு ஒரு தடவை. மூன்றையும் ஒரே பக்கமாய்ச் சாய்த்தால் கொசுவலை மாதிரிக் கோடு விழும், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சாய்வில் வைக்க வேண்டும். இது பிடிபட எனக்கு இருபது நாள் ஆனது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் புள்ளி. எட்டி நின்றால் முகம். ஷர்லி படத்தை அப்படிச் செய்து ஸ்டேட்டஸில் வைத்தபோது எத்தனை பேர் கேட்டார்கள் என்று உங்களிடமே பெருமை அடித்தேனே, அதுதான்.

அந்தப் பெருமையில்தான் ஒரு காரியம் செய்தேன். துக்க போஸ்டர் என்றால் காலையில் சொல்லிச் சாயந்தரம் கேட்பார்கள். அதற்குள் புள்ளி வேலை செய்து முடிக்க முடியாது. அதனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றை முன்கூட்டியே முழுசாகச் செய்து வைத்தேன். மாலை, விளக்கு, எழுத்து எல்லாம் தயார். யாராவது கேட்டால் முகத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். அளவு பார்க்க அந்த நடு இடத்தில் ஏதாவது ஒரு முகம் வேண்டியிருந்தது.

உங்கள் முகத்தை வைத்தேன். என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த அந்த நீலச் சட்டைப் படம். ஷர்லி கோயிலில் புதுநன்மை வாங்கிய அன்றைக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஃபிளெக்ஸில் பெரிதாகப் போட்டோமே, அதே படம். லேப்டாப்பில் இருப்பதிலேயே தெளிவானது அதுதான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ரைஸ் மில் ஆத்மநாதன் ஐயா தவறிய அன்றைக்கு, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவர் மகன் ரகுநாத் போன் செய்தார். எல்லோரும் போடுகிற ரோஜாப்பூவும் மேகமும் வேண்டாம், உங்கள் பாப்பா படம் மாதிரிப் புள்ளியில் செய்து கொடுங்கள், சாயந்தரத்துக்குள் வேண்டும் என்றார். சரி என்றேன். அந்த ஃபைலிலேயே உங்கள் முகத்தை ஒரு லேயரில் விட்டுவிட்டு, ஐயா முகத்தை இன்னொரு லேயரில் செய்தேன். லேயர் என்றால் கண்ணாடித் தாள் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் உண்டு. கண் திறந்திருந்தால் தெரியும், மூடினால் மறையும். ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தாங்காமல் லேப்டாப் திணறியது. எழுத்து அடிப்பதற்காக இரண்டு கண்ணையும் மூடினேன்.

நாலு மணிக்குக் கரண்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் கொஞ்சம்தான். ஷர்லி பசியோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நிற்கிறாள். இன்னும் அரைமணிக்குள் வராவிட்டால் மிஷினில் வேறு வேலை ஏற்றிவிடுவேன் என்று செல்லமுத்து சொல்கிறார். அவசரத்தில் ஒரு கண்ணைத் திறந்தேன். திரை முழுக்கப் புள்ளி வந்தது. புள்ளி வந்துவிட்டது என்று நினைத்தேனே தவிர, சின்னதாக்கி யார் முகம் என்று பார்க்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. செல்லமுத்து போன் செய்து, அக்கா வயசு எழுபதுன்னு இருக்கு, படம் வாலிபமாத் தெரியுதே, ஒருக்கா பாத்துருங்க என்றார். ஃபைலைத் திறக்கவே பத்து நிமிஷம் ஆகும் என்று எனக்கு எரிச்சல். பழைய போட்டோவா இருக்கும், அவங்க குடுத்ததுதான், நீங்க அடிங்க என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அந்த மனிதன் கேட்டார். நான்தான் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அத்தை பூ வாங்கப் போனார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பூ மார்க்கெட், அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் சுவர். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முகம் சேரும். அத்தைக்கு எழுத்து தெரியாது. மாலையும் விளக்கும் நடுவில் உங்கள் முகமும் தெரிந்தது, அவ்வளவுதான். மினி பஸ்சுக்கு முன்னால் நடுரோட்டில் விழுந்துவிட்டார்கள். ஆத்மநாதன்னு பேரு போட்டிருக்கு ஆத்தா, ஒங்க மகன் இல்ல என்று எத்தனையோ பேர் சொன்னார்களாம். எம் மவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, உங்களுக்கு லீவு, போனைச் சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கினீர்கள். நிலவழகன் தம்பியும் ஊரில் இருந்தார், ரூமில் வேறு யார் நம்பரும் எங்களிடம் இல்லை. இரண்டரை மணி நேரம். வாசலில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு பேர் ஒப்பாரி எடுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அது என் ஃபைல், நான் வைத்த படம் என்று எனக்கு மட்டும் தெரியும். அப்படித் தெரிந்தும், நீங்கள் போனை எடுக்காத அந்த நேரத்தில் நான் நம்பிவிட்டேன். நான் வைத்ததால்தான் ஆகிவிட்டது என்று நம்பினேன். ஒன்பது மணிக்கு நீங்களே கூப்பிட்டு, நாப்பத்திரண்டு மிஸ்டு காலா, யாரு செத்தது என்று கேட்டபோது போனை அத்தை காதில் வைத்தேன்.

அப்புறம் உங்கள் அக்கா வீட்டு ஆரோக்கியமுத்து அண்ணன் கூடத்தில் நின்றுகொண்டு, இது எப்படி நடந்தது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரஸ்ல படத்த மாத்திட்டாங்க போல என்று சொல்லிவிட்டேன். ஷர்லி ஃபிளெக்ஸ் அடித்தது அங்கேதானே, உங்கள் படம் அவர்களிடம் இருந்திருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அறந்தாங்கிக்குப் போய்ச் செல்லமுத்துவின் சட்டையைப் பிடித்திருக்கிறார். ரகுநாத் வீட்டு ஆட்களும் போய்த் திட்டியிருக்கிறார்கள். நீங்களும் செல்லமுத்துவுக்குப் போன் செய்து அவர் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதற்கு அவர், தப்புதான் அண்ணே, மன்னிச்சிருங்க என்றாராம். நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். அவரிடம் என் ஃபைலும் இருந்தது, என் குரலும் இருந்தது. ஒன்றையும் யாருக்கும் காட்டவில்லை. புது போஸ்டர் அடித்து, அன்றைக்கு மத்தியானமே தானே பசை வாளியோடு வந்து பழையதற்கு மேலே ஒட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயந்தரம் நீங்கள் என்னைத் தேற்றினீர்கள். பொய்யாகச் சாவுச் செய்தி வந்தால் ஆயுசு கூடும் என்றீர்கள். நெசமா நான் செத்தா நீதான செல்வி போஸ்டர் செய்யணும், அப்பவாவது படத்தச் சரியாப் போடு என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தினமும் சாயந்தரம் செபமாலை முடிந்ததும் அத்தை ஊரில் உள்ள நோயாளிகளுக்காக வேண்டுவார்கள், உங்களுக்காக வேண்டுவார்கள். இப்போது கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறார்கள். எம் மவன் படத்த சாவுப் படமாக்குன கை வெளங்காமப் போகணும் மாதாவே என்கிறார்கள். ஷர்லி ஆமென் சொல்கிறாள். நானும் ஆமென் சொல்கிறேன். இருபத்தாறு நாளாகச் சொல்கிறேன். அந்தக் கையில்தான் அத்தைக்குத் தைலம் தேய்க்கிறேன், ஷர்லிக்குத் தலை பின்னுகிறேன்.

நேற்று செல்லமுத்து போன் செய்தார். அக்கா ஒரு காதணி விழா வந்திருக்கு, செஞ்சு தாறீங்களா என்று, ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டார். எனக்குக் கூசிப்போனது. அப்போதுதான் எழுதுவது என்று முடிவு செய்தேன். அத்தை ரேஷன் கடையிலிருந்து வருகிற நேரம். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை, காலை.

ஷர்லி அப்பா, உங்களுக்கு எழுதிய பிறகு இங்கேயும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. செவ்வாய் சாயந்தரம் செபத்தில் அந்த இடம் வந்தது. அத்தை சொல்லி முடித்தார்கள். ஷர்லி ஆமென் என்றாள். நான் சொல்லவில்லை. அத்தை திரும்பிப் பார்த்தார்கள். ஷர்லியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, முழங்காலில் இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டவில்லை. உசுரோட இருக்கவன் படத்த அதுல வெக்க ஒனக்கு எப்புடிடி மனசு வந்துச்சு என்று மட்டும் கேட்டார்கள். எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் கொடுத்த கஞ்சியைத் தொடவில்லை. காலையில், அவன்ட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன் என்றார்கள். ஆரோக்கியமுத்து அண்ணனிடமும் நான்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார், கோயில் வாசலில் வைத்தே சொல்வேன்.

நேற்று பத்து மணி பஸ்ஸில் அறந்தாங்கி போனேன். பிரஸ்ஸில் நாலைந்து பேர் கல்யாணப் பத்திரிகைக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று முதலில் ஓரமாக நின்றேன். பிறகு, செல்லமுத்துவைத் திட்டும்போது ஊரே நின்று பார்த்ததே என்று தோன்றியது. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரியே, அந்தப் படத்தை மாற்றி அனுப்பியது நான், இவர் மேல் தப்பில்லை என்று சொன்னேன். காதெல்லாம் எரிந்தது. செல்லமுத்து என்னை உள்ளே கூப்பிட்டு, தெரியும்க்கா, அன்னைக்கே நான் சொல்லிருந்தா ஒங்க வீட்ல என்ன ஆயிருக்கும், வுடுங்க என்றார். என் வாய்ஸ் மெசேஜை அன்றைக்கே அழித்துவிட்டாராம். அண்ணன்ட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம் என்றார். கும்பிட்டுவிட்டு நான் வாசலுக்கு வந்த பிறகுதான், எங்கம்மாவச் சொன்னதுதான்க்கா... என்று ஆரம்பித்தார். முடிக்காமல் மிஷினைப் போடப் போய்விட்டார்.

அத்தை கேட்ட கேள்விக்கு அவர்களிடம் பதில் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் போய் மூன்று வருஷம் நாலு மாசம் ஆகிறது. வீடியோ காலில் வருகிறீர்கள், பாதி நேரம் படம் உறைந்து நிற்கிறது, பக்கத்தில் அத்தையும் ஷர்லியும் இருக்கிறார்கள். அந்தப் புள்ளி வேலை செய்யும்போது உங்கள் முகத்தைக் காலையிலிருந்து சாயந்தரம் வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். என்னடி இவள் புருஷன் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், வேலை செய்கிறாள் என்பார்கள். இடது கண்ணுக்குக் கீழே இருக்கிற மச்சத்துக்கு எத்தனை நீலப் புள்ளி வருகிறது என்று எனக்குத் தெரியும். அது எந்த போஸ்டர், அந்த முகத்தைச் சுற்றி நான் என்ன மாலை போட்டிருக்கிறேன் என்பது கண்ணிலேயே படவில்லை.

இன்னொன்று செல்லமுத்துவுக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. தோற்றம், மறைவு என்று இரண்டு வரி வருமே, அந்த போஸ்டரை முன்கூட்டியே செய்தபோது எழுத்து அளவு பார்ப்பதற்குத் தோற்றம் என்ற இடத்தில் உங்கள் பிறந்த தேதியை அடித்திருந்தேன். கைக்கு உடனே வந்த தேதி அதுதான். மறைவுக்கு எதிரே ஒன்றும் போடவில்லை. அதற்குக் கை வரவில்லை. கை வராத அந்த நிமிஷத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதை உங்களிடம் மறைத்தால் நான் எழுதிய மற்றதெல்லாம் வீண் என்பதால் எழுதிவிட்டேன். நீங்கள் கோபப்பட்டு நாலு நாள் பேசாமல் இருந்தாலும் அது நியாயம்தான்.

எனக்காக ஒன்றும் கேட்க எனக்கு வாயில்லை. செல்லமுத்துவுக்காக ஒன்று கேட்கிறேன். அவருக்குப் போன் செய்து, அவர் அம்மாவைப் பற்றிச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நான் மன்னிப்புக் கேட்டால் அந்த வார்த்தை போகாது. நீங்கள் சொன்னால்தான் போகும்.

நேற்றுச் சாயந்தரம் அத்தை செபமாலை சொன்னார்கள். நோயாளிகளுக்கு வேண்டினார்கள், உங்களுக்கு வேண்டினார்கள். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். நானும் ஷர்லியும் காத்திருந்தோம். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பிறகு என்னிடம் வந்து, மூட்டுல தைலம் தேச்சு வுடு என்று காலை நீட்டினார்கள்.

அந்த ஃபைலை முழுசாக அழித்துவிட்டேன். சுவரில் இருப்பதைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. போன வார மழையில் ஆத்மநாதன் ஐயா போஸ்டர் மேல்பாதி உரிந்து தொங்குகிறது. அடியில் நீங்கள் இருக்கிறீர்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் உங்கள் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிகிறது. அதனால் நான் ரோட்டைத் தாண்டிப் போய் அந்தச் சுவரை ஒட்டியே நடக்கிறேன். கிட்டத்தில் புள்ளிதான் தெரியும்.

இந்தத் தடவை லீவு கேளுங்கள். பத்து நாள் கொடுத்தாலும் போதும். டாக்ஸி பிடித்து வீட்டு வாசலில் வந்து இறங்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் இறங்குங்கள். அத்தையைப் பூ மார்க்கெட் பக்கம் நான் எப்படியாவது கூட்டிவந்து நிறுத்திவைக்கிறேன். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள், அவர்கள் பார்க்கட்டும். நானும் எட்டி நின்றே பார்த்துக்கொள்கிறேன்.

மாதா உங்களை நூறு வருஷம் வைத்திருக்கட்டும்.

உங்கள் காலைத் தொட்டு,
மரிய செல்வி